மழை வருமுன் ஆட்டுக் கொட்டில்



ஆடு வளர்க்கும் வீடுகளிலிருந்து எம்போன்ற மௌலவிமாரிடம் அடிக்கடி வருகின்ற ஒரு கேள்வி உண்டு. ஆட்டு மூத்திரம் பட்ட உடுப்போடு தொழலாமா என்பதே அது. கேட்பவர்கள் அநேகமாகப் பெண்கள். கோடையில் ஒன்றிரண்டு பேர் கேட்பார்கள், மழை பிடித்துவிட்டால் கேட்போர் தொகை கூடிவிடும். மஸ்அலாவைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் மழைக்காலத்தில் மட்டும் இந்தக் கேள்வி ஏன் பெருகுகிறது என்று யோசித்துப் பார்த்தால், விஷயம் கொட்டிலின் தரையில் போய் நிற்கிறது. மூத்திரமும் புழுக்கையும் கூரை ஒழுக்கும் சேர்ந்து சேறாகிவிடுகின்றன. அது உங்கள் உடுப்பில் படுகிறது, ஆட்டின் குளம்பிலும் படுகிறது. உடுப்பைக் கழுவிக்கொள்ளலாம். குளம்பு அழுகிப் போனால் என்ன செய்வது? ஆகவே இந்த மாதம் மஸ்அலாவைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்துவிட்டு, முதலில் கொட்டிலைப் பற்றிப் பேசுவோம்.

பனி பெய்யும் நாடுகளில் ஆடு வளர்ப்போர் குளிர்காலத்துக்கு மாதக்கணக்கில் ஆயத்தம் செய்கிறார்கள். காய்ந்த புல்லைச் சேர்த்து வைக்கிறார்கள், பட்டியைச் செப்பனிடுகிறார்கள், குளிரைத் தாங்காத ஆடுகளை விற்றுவிடுகிறார்கள். காஷ்மீரில் பக்கர்வால் என்றொரு முஸ்லிம் இடையர் சமூகம் இருக்கிறது. கோடையில் உயர்ந்த மலைப் புல்வெளிகளில் மேய்ந்த மந்தைகளை, பனி விழுமுன் பீர் பஞ்சால் கணவாய்களைத் தாண்டி ஜம்முவின் தாழ்ந்த குன்றுகளுக்கு ஓட்டிக்கொண்டு வருவார்கள். ஆணும் பெண்ணும் குழந்தை குட்டிகளும் சேர்ந்து நடப்பார்கள். பனி வந்த பிறகு புறப்பட்டால் கணவாயில் மந்தை முடிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் கரவனெல்லயில் பனி இல்லை. களனி கங்கைக் கரையில், எட்டியாந்தோட்டைக்குப் போகும் பாதையில், றப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கின்ற இந்தப் பக்கத்துக்கு வருடத்தில் 3000 மில்லிமீற்றருக்கும் மேலே மழை விழுகிறது. மே மாதம் தென்மேற்குப் பருவம் இறங்கினால் செப்டெம்பர் வரை ஓய்வில்லை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை இன்னொரு முறை உச்சத்துக்குப் போகும். எங்கள் ஆடுகளுக்கு இதுதான் குளிர்காலம். பக்கர்வால் இடையர் கணவாய்க்குச் செய்யும் ஆயத்தத்தில் கால்வாசியையாவது நாங்கள் ஏப்ரலில் செய்கிறோமா?

செம்மறியை இங்கே தேடவேண்டாம். அது யாழ்ப்பாணம் போன்ற வறண்ட பிரதேசத்துப் பிராணி. நமது வீடுகளில் இருப்பவை வெள்ளாடுகள். ஆனால் வெள்ளாடும் அடிப்படையில் வறண்ட நிலத்துப் பிராணிதான். தூறல் விழுந்தவுடன் கத்திக்கொண்டு ஓடி வருவதைக் கண்டிருப்பீர்கள். நனைந்த நிலத்தில் படுக்க அதற்குப் பிடிக்காது. காய்ந்த கல்லோ பலகையோ கிடைத்தால் ஏறி நிற்கும். அதற்கு ஒரு உயரமான இடத்தைக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மழை அதிகமான பிரதேசத்தில் ஆட்டுக் கொட்டிலின் தரை நிலத்தோடு இருக்கவே கூடாது. சீமெந்துத் தரையும் சரிவராது, ஏனெனில் அதில் மூத்திரம் தேங்கும். நிலத்திலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் கால் நாட்டி, அதன் மேல் சலாகைத் தளம் அடிக்க வேண்டும். நம்மூரில் கமுக மரத்தைப் பிளந்து எடுக்கும் சலாகை மலிவானது, கைக்கெட்டியது. சலாகைக்கும் சலாகைக்கும் இடையில் அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை விடுங்கள். அதைவிட நெருக்கினால் புழுக்கை விழாமல் அடைத்துக்கொள்ளும், அகட்டினால் ஆட்டின் கால் சிக்கி முறியும். சிறு குட்டிகள் படுக்கும் மூலையில் மட்டும் ஒரு பலகையையோ உலர்ந்த சாக்கையோ போட்டு, அன்றாடம் மாற்றுங்கள். மூன்றடி உயரம் எதற்கென்றால், கீழே விழுகின்ற எருவை நீங்கள் குனிந்து வாரி எடுப்பதற்கு. ஓரடி உயரத்தில் கட்டிவிட்டு வருடக்கணக்காக எருவைச் சுரண்ட முடியாமல் தவிக்கும் வீடுகள் உண்டு. அந்த எருவிலிருந்து கிளம்பும் காரவாயு சலாகை வழியாக மேலே வந்து ஆட்டின் சுவாசப்பையைத்தான் தாக்கும்.

கமுகஞ்சலாகைக்கு ஒரு குறை உண்டு. ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகும். மேலே பார்க்க நல்லதுபோல் இருக்கும், அடியில் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் உள்ளே ஏறி ஒவ்வொரு சலாகையையும் மிதித்துப் பாருங்கள். சினைப்பட்ட ஆடு ஒன்று மே மாத இரவொன்றில் சலாகை முறிந்து கால் தொங்கிக் கிடந்தால், காலையில் உங்களுக்குக் கிடைப்பது இறைச்சி மட்டும்தான்.

கூரை தகரமாயினும் கிடுகாயினும், தாழ்வாரம் இரண்டு மூன்று அடி வெளியே நீண்டிருக்க வேண்டும். எருக்குவியலில் கூரைத் தண்ணீர் விழாமல் இருக்கும் அளவுக்கு நீண்டால் போதும். சுற்றிவரச் சிறு கானொன்று வெட்டி, தண்ணீரைப் பள்ளத்துக்கு விடுங்கள். சுவர் விடயத்தில் நம்மவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் நாலு பக்கமும் திறந்து விடுகிறார்கள். சிலர், பாவம் குளிருமே என்று நாலு பக்கமும் தகரத்தால் அடைத்துவிடுகிறார்கள். இரண்டாவதுதான் அதிகம் கெடுதல் செய்கிறது. ஆட்டின் முதுகு உயரம் வரை பலகை அடித்து, அதற்கு மேலே காற்றோட்டம் விடவேண்டும். சாரல் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் சாக்கில் ஒரு திரை போட்டு இரவில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு சோதனை சொல்கிறேன். விடியற்காலையில் கொட்டிலுக்குள் போய், குட்டியின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குந்தியிருந்து மூச்செடுத்துப் பாருங்கள். உங்கள் கண் கரித்தால் அந்தக் குட்டிக்கு இரவு முழுவதும் அப்படித்தான் கரித்திருக்கிறது.

இடம் நெருக்கமில்லாமல் இருக்கட்டும். பெரிய மறி ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடி வேண்டும், குட்டியோடு நிற்பதற்கு அதைவிடக் கூட. கிடாய்க்குத் தனி அறை. தெருநாய் ஏறாதபடி கதவுக்கு ஒரு கொண்டி. இவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, மழைக்காலத்தில் ஆட்டைக் கொல்லும் உண்மையான எதிரி. பலரும் தடிமன், காய்ச்சல் என்று நினைக்கிறார்கள். குட்டிகளுக்கு அது உண்மைதான். பெரிய ஆடுகளைக் கொல்வது பெரும்பாலும் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய புழு. அது நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது ஒரு மில்லிலீற்றரில் இருபதில் ஒரு பங்குதான். ஆயிரம் புழு இருந்தால் நாளொன்றுக்கு 50 மில்லிலீற்றர் இரத்தம் போய்விடும். ஒரு பெண் புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டை புழுக்கையோடு வெளியே விழுந்து, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் குஞ்சு தயாராகிவிடும். அது புல்லில் உள்ள நீர்ப்படலத்தின் வழியே மேலே ஏறி, ஆட்டின் வாய்க்காகக் காத்திருக்கும். அதனால் ஏறக்கூடிய உயரம் சில அங்குலந்தான்.

இதைத் தெரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும். விடிந்தவுடன் பனி காயாத புல்லில் ஆட்டைக் கட்டாதீர்கள். வெயில் ஏறிப் புல் உலர்ந்த பிறகு அவிழ்த்து விடுங்கள். ஒரே வரம்பில் தினமும் கட்டாதீர்கள். புல் அறுக்கும்போது வேரோடு ஒட்ட அறுக்காமல் ஒரு சாண் விட்டு அறுங்கள். இவை எல்லாவற்றையும்விட நல்லது, மழைக்காலத்தில் குழையை நம்புவது. பலாக் குழை, கிளிரிசீடியாக் குழை இவற்றில் அந்தப் புழு ஏற வழியில்லை. வேலி ஓரமெல்லாம் கிளிரிசீடியாத் தடி நட்டு வையுங்கள். அரசாங்கம் அதனை நாலாவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த இடம் அந்த வேலி மரத்துக்கு! சில ஆடுகள் அதன் வாடைக்கு முகத்தைத் திருப்பும். ஒரு இரவு வாடவிட்டுக் கொடுத்தால் தின்னும்.

குழையைத் தரையில் போடாமல் கட்டாகக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுங்கள். மிதிபட்டதை ஆடு தொடாது, தூக்கியதெல்லாம் வீண். பெரிய ஆட்டுக்கு நாளொன்றுக்கு நாலைந்து கிலோ பச்சை வேண்டும். ஐந்து ஆடென்றால் இருபது கிலோவுக்கு மேல். அதை அடைமழையில் வெட்டித் தலையில் சுமந்து வருபவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். மழை விட்ட பின்னேரத்திலேயே மறுநாளுக்கும் வெட்டித் தாழ்வாரத்தில் பரத்தி வைத்தால், நனைந்த குழையைத் தின்று வயிறு ஊதும் தொல்லையும் குறையும். மரவள்ளி இலை, றப்பர் இலை இரண்டிலும் நஞ்சு உண்டு, ஆட்டுக்கு வெட்டிப் போடாதீர்கள். தோட்டத்து மலையில் புல் அறுப்பதாயின் களைநாசினி அடித்தார்களா என்று கங்காணியிடம் கேட்டுவிட்டு அறுங்கள்.

புழு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஆட்டின் கீழ் இமையை மெல்ல இறக்கி உள்பக்கத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பாகவோ நல்ல இளஞ்சிவப்பாகவோ இருந்தால் பயமில்லை. வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது. தாடையின் கீழே நீர் கட்டி வீங்கியிருந்தால் நாள் கடத்தக் கூடாது. தென்னாபிரிக்காவில் 1990களில் இதற்கென்றே ஐந்து நிறம் கொண்ட ஒரு அட்டையை உருவாக்கினார்கள். ஃபமாச்சா அட்டை என்று இப்போது உலகமெங்கும் பாவனையில் இருக்கிறது. இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து, மற்றவைக்கு வேண்டாம் என்பதே அதன் முறை. ஏனெனில் எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் புழு மருந்து ஊற்றினால், மருந்துக்குச் சாகாத புழுதான் எஞ்சும். மருந்தையும் அளவையும் அரச மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சினையாட்டுக்குச் சில மருந்துகள் ஆகாது. செம்மறிக்குரிய அளவும் வெள்ளாட்டுக்குரிய அளவும் ஒன்றல்ல.

குளம்பையும் ஏப்ரலிலேயே வெட்டிவிட வேண்டும். வளர்ந்த குளம்பு உள்ளே மடிந்து சேற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கிருந்துதான் அழுகல் தொடங்குகிறது.

இனி ஆண்களும் கேட்க வேண்டிய பகுதி. வாசித்துக் காட்டுங்கள்.

நமது பிக்ஹுக் கிதாபுகளில், மனைவி மக்களின் செலவு பற்றிய பாடத்தோடு பிராணிகளின் செலவு பற்றியும் சட்டம் எழுதியிருக்கிறார்கள். ஒரு பிராணியை வைத்திருப்பவன் அதற்குத் தீனியும் தண்ணீரும் கொடுக்கக் கடமைப்பட்டவன். கொடுக்கவில்லை என்றால் காழி அவனை மூன்றில் ஒன்றைச் செய்யும்படி நிர்ப்பந்திக்கலாம்: தீனி கொடு, அல்லது விற்றுவிடு, அல்லது உண்ணக்கூடிய பிராணியாயின் அறுத்துவிடு. பால் கறப்பதிலும் குட்டிக்குரிய பங்கை விட்டுத்தான் கறக்க வேண்டும். இந்த மூன்று வழிகளையும் ஏப்ரல் மாதத்தில் உட்கார்ந்து யோசித்தால், அதுவே மழைக்கால ஆயத்தத்தின் முதற்படி. எத்தனை ஆட்டுக்கு உலர்ந்த இடம் இருக்கிறது? எத்தனை ஆட்டுக்குக் குழை வெட்ட ஆள் இருக்கிறது? ஆறுக்குத்தான் முடியுமென்றால், கிழட்டு மறியையும், எந்நாளும் வெளுத்த இமையோடு நிற்பதையும், வீணாய் நிற்கும் இரண்டாவது கிடாயையும் மழைக்கு முன்னே கொடுத்துவிடுவது நல்லது. பத்தை வைத்திருந்து நான்கைச் சாகக் கொடுப்பதில் லாபமுமில்லை, மார்க்கமுமில்லை.

மழை பிடித்த பிறகு விற்றால் என்ன நடக்கும்? மழையில் றப்பர் வெட்டு நிற்கும், கூலி குறையும், வீட்டில் காசு முடைப்படும். அந்த நேரம் பார்த்து வியாபாரி படலையடிக்கு வருவார். அடடா, இந்த மழையில் இதுகளை வைத்துக்கொண்டு என்ன பாடு படுகிறீர்கள் என்பார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அது. மெலிந்த ஆட்டுக்கு அவர் சொன்னதுதான் விலை.

விற்பது யார் என்பதும் இருக்கிறது. பல வீடுகளில் ஆடு மனைவியின் கைக்காசில் வாங்கியது. சீட்டுப் பணத்திலோ, உம்மா வீட்டில் கொடுத்த ஒரு குட்டியிலிருந்தோ பெருகியது. அப்படியானால் அது அவளுடைய சொத்து. அவளுடைய சம்மதம் இல்லாமல் கணவன் அதை விற்பதற்கு ஷரீஅத்தில் இடமில்லை. ஓட்டை விழுந்த கூரைக்கு இரண்டு தகரம் வாங்கிப் போட நேரமில்லாதவர்கள், வியாபாரியோடு விலை பேச மட்டும் நேரம் ஒதுக்குவதைக் காண்கிறோம். இந்த வருடம் முதலில் கூரையில் ஏறுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கென்று கிடாய் வளர்ப்போர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஷாஃபி மத்ஹபின்படி உழ்ஹிய்யாவுக்குரிய வெள்ளாடு இரண்டு வயது பூர்த்தியாகியிருத்தல் வேண்டும். செம்மறிக்கு ஒரு வயது போதும். அப்படியானால் நம்மூரில் பிறந்த ஒரு கிடாய் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டாமல் உழ்ஹிய்யாவுக்கு வரவே முடியாது. வெளிப்படையான நொண்டி, வெளிப்படையான நோய், எலும்பும் தோலுமான மெலிவு, கண் குருடு இவை இருந்தால் நிறைவேறாது என்பது ஹதீஸில் வந்துள்ள விஷயம். சொறி விடயத்தில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இன்னும் கடுமையாக, சிறிதளவு சொறியும் பழுதுதான் என்கிறார்கள். குளம்பு அழுகினால் நொண்டி, புழு பெருகினால் மெலிவு, நெருக்கமான ஈரக் கொட்டிலில் சொறி. இரண்டு வருடம் வளர்த்த கிடாய் கடைசி மாதத்தில் இவற்றில் ஒன்றால் தகுதியிழந்து போகலாம். பெருநாளோ இப்போது மழையின் தொடக்கத்தை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. இலங்கையில் 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. இப்படி வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வந்து, 2026இல் மே மாதக் கடைசியில் விழுகிறது. குட்டி பிறந்த திகதியை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வாங்க வருபவர் பல்லைப் பார்த்து வாதாடத் தேவை இருக்காது.

திகதி எழுதத் தொடங்கினால் இன்னொரு நன்மையும் உண்டு. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம், ஏறத்தாழ 150 நாள். மே மாதத்தில் கிடாயை விட்டால் ஒக்டோபர் இடிமழையில் குட்டி விழும். ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பருக்குள் விட்டால் ஜனவரி, பெப்ரவரியில் விழும். நம்மூரில் தரை சற்றுக் காயும் மாதங்கள் அவைதான். மே வரும்போது அந்தக் குட்டி குழை கடிக்கும் வயதில் இருக்கும். இதற்காகத்தான் கிடாய்க்குத் தனி அறை என்றேன். தவறி மழையில் பிறந்துவிட்டால், கொப்பூழில் அயடீன் தடவி, சாக்கால் துடைத்து, பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் கடும்புப் பால் குடிக்கச் செய்யுங்கள். கடும்பை வீட்டுக்கென்று முழுவதும் கறந்துவிடாதீர்கள்.

இனி அந்த மஸ்அலா. ஷாஃபி மத்ஹபில் ஆட்டின் மூத்திரமும் புழுக்கையும் நஜீஸ். உண்ணப்படும் பிராணியின் மூத்திரம் சுத்தமானது என்று மாலிக்கீ, ஹன்பலீ மத்ஹபினர் கூறுகின்றனர். மதீனாவில் பள்ளிவாசல் கட்டப்படுமுன் நபி (ஸல்) அவர்கள் ஆட்டுப் பட்டிகளில் தொழுதிருக்கிறார்கள் என்ற ஹதீஸை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவர். நமது இமாம்கள் அதற்கு வேறு விளக்கம் கூறுகின்றனர். நாம் பின்பற்றும் மத்ஹபின்படி ஈரம் பட்ட இடத்தைக் கழுவித்தான் தொழ வேண்டும். ஆனால் உலர்ந்த நஜீஸ் உலர்ந்த உடுப்பில் பட்டு ஒட்டாமல் போனால் உடுப்பு நஜீஸாவதில்லை. உலர்ந்த சலாகைத் தளத்தில் உலர்ந்த புழுக்கை. அதனை உதறிவிட்டுத் தொழலாம். சேற்றுக் கொட்டிலில் இந்தச் சலுகைக்கு வழியில்லை. கொட்டில் வேலைக்கென்று ஒரு பழைய உடுப்பை வாசலிலேயே தொங்கவிட்டுக்கொண்டால் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் அந்தரப்பட வேண்டியதில்லை.

காலுக்கு பூட்ஸும் வேண்டும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் எலிக்காய்ச்சல் மழையோடு வருகின்ற நோய். எலியின் மூத்திரம் கலந்த சேறு, காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவே உள்ளே போய்விடும். எரு வாரும் நாளில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். இறங்கிய பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், கொட்டிலில் வேலை செய்ததையும் சேர்த்து டொக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, கொட்டில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டி அந்தக் குழிக்குள் கொட்டில் போடுவது நம்மூர் வழக்கம். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டியப் பக்கத்திலும் மண் சரிந்து தோட்டத்து மக்கள் புதையுண்டனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் மலைநாடெங்கும் இதே கதைதான். ஆட்டுக்காக மலையின் அடியை வெட்டினால் வீட்டுக்கு மேலே உள்ள மண்ணும் பிடி தளரும். மேட்டில் வெடிப்பு கண்டாலோ, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தாலோ, பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள். ஆடு நிற்கிறதே என்று தாமதிக்க வேண்டாம். போகிற வழியில் கொட்டில் கதவைத் திறந்து கயிற்றை மட்டும் அவிழ்த்துவிட்டுப் போனால், ஆடு தானாக மேடு தேடிப் போகும். கட்டிய கயிற்றில் நின்றால் அதற்கு வழியே இல்லை. ஆகவே மே பிறந்ததும் ஆட்டுக் கயிற்றின் முடிச்சை, ஒரு கையால் இழுத்தவுடன் அவிழும் முடிச்சாக மாற்றிப் போடுங்கள். வீட்டில் உள்ள சிறுபிள்ளைக்கும் அதை அவிழ்க்கப் பழக்கி வையுங்கள்.